எல்லா மாத்திரையும் இந்த வழியாகத்தான்

வாத நோய்ப் பிரிவிலிருந்து எங்கள் மருந்தகக் கவுன்டருக்கு வரும் சீட்டுகள் நீளமானவை. அதிலும் ஸ்க்ளீரோடெர்மா நோயாளிகளின் சீட்டு முன்பக்கம் முடிந்து பின்பக்கமும் ஓடும். விரல்களுக்கு ஒரு மருந்து, நுரையீரலுக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று, ரத்தசோகைக்கு ஒன்று. நடுவில் எங்கேயாவது ‘பான்டோபிரசோல் 40, 1-0-1’ என்று ஒரு வரி இருக்கும். “கேஸ் மாத்திரை வீட்டுல கெடக்கு மேடம், அத விட்டுட்டு மத்ததக் குடுங்க” என்பார்கள்.

திருச்சியில் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. இவர்களுக்கு அந்த மாத்திரை எழுதப்படுவது உணவுக்குழாயைக் காப்பாற்ற. சீட்டில் உள்ள மற்ற ஏழெட்டு மருந்துகளும் அதே குழாய் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். அவற்றில் சில, இறங்கிய பிறகு அந்தக் குழாய்க்கே தொல்லை கொடுப்பவை. ஆகவே முழுச் சீட்டையும் உணவுக்குழாயை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் நோயைப் பற்றி. ஸ்க்ளீரோடெர்மாவில் உடம்பின் உள்ளுறுப்புகளையும் பிடிக்கிற வகைக்கு சிஸ்டமிக் ஸ்க்ளீரோசிஸ் என்று பெயர். நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே தாக்குகிற நோய்களில் இதுவும் ஒன்று. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக, பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதில் வருகிறது. குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விரல் வெளுத்து, நீலம் பாரித்து, பிறகு சிவந்து கடுக்கும். மெல்ல விரல் தோல் தடித்துப் பளபளக்கும். மோதிரம் கழலாது. வாயை முழுதாகத் திறக்க வராது. வெளியில் தெரிவது இவ்வளவுதான். உள்ளே அதிகம் அடிபடுவது உணவுப்பாதை, அதிலும் உணவுக்குழாய். பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு அதில் ஏதோ ஓர் அளவு பாதிப்பு இருக்கிறது. சிலருக்கு அது தெரிவதே இல்லை.

உணவுக்குழாயின் நீளம் சுமார் 25 செ.மீ. மேலே மூன்றில் ஒரு பங்கு கை, கால் தசைகளைப் போன்றது. அதற்குக் கீழே இருப்பது நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் தானாக இயங்கும் மென்தசை. பால் கறப்பவரின் விரல்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக மூடிப் பாலை இறக்குவதைப் போல, இந்தத் தசை ஒரு கவளத்தைச் சில விநாடிகளில் வயிற்றுக்குத் தள்ளிவிடும். அடியில் ஒரு தசை வளையம் உண்டு. உணவு வந்ததும் அது திறந்து, பிறகு இறுக மூடிக்கொள்ளும். நோய் பிடிப்பது இந்த மென்தசைப் பகுதியையும் வளையத்தையும். முதலில் அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களும் நரம்புகளும் பழுதாகின்றன. தசை இருக்கும், அதற்கு வர வேண்டிய கட்டளை வராது. அடுத்து தசையே மெலிகிறது. கடைசியில் தசை இருந்த இடத்தில் நார் படிந்துவிடுகிறது. எந்த மருந்து யாருக்கு வேலை செய்யும் என்பது இவர்கள் இதில் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

மேனோமெட்ரி என்றொரு பரிசோதனை இருக்கிறது. மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கி, சிறிது சிறிதாகத் தண்ணீர் விழுங்கச் சொல்லி, உள்ளே ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு அழுத்தம் உண்டாகிறது என்று அளப்பார்கள். அது கணினித் திரையில் வண்ணப் படமாக வரும். நன்றாக இருப்பவருக்குத் தொண்டையிலிருந்து வயிறு வரை சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பட்டை சரிந்து இறங்கும். இந்த நோய் முற்றியவரின் படத்தில் மேலே ஒரு சிவப்புத் துண்டு தெரியும், அதோடு சரி. கீழே முழுக்க நீலம். அடியில் வளையம் இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக ஒரு கோடு. சாப்பிட்ட இட்லி இவர்களுக்கு இறங்குவது தண்ணீரின் எடையாலும், நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதாலும்தான்.

இறங்குவதில் உள்ள சிரமத்தைவிட ஆபத்தானது மேலேறி வருவது. வளையம் தளர்ந்துவிட்டதால் வயிற்று அமிலம் எதுக்களிக்கிறது. எல்லோருக்கும் எப்போதாவது எதுக்களிக்கும்தான். ஆனால் நமக்கு ஒருமுறை எச்சில் விழுங்கினால் அமிலம் கழுவப்பட்டுக் கீழே போய்விடும். இவர்களுக்குத் தள்ளும் அலை இல்லை, பலருக்கு எச்சிலும் குறைவு. ஏறிய அமிலம் மணிக்கணக்காக அங்கேயே நிற்கும். புண்ணாகும், ஆறும், மறுபடி புண்ணாகும். தழும்பு விழுந்து குழாய் குறுகிப் போனால் சோறே இறங்காது. உள்தோல் மாறி, பின்னாளில் புற்றுநோய்க்கு வழிவிடுவதும் உண்டு. இரவில் படுத்திருக்கும்போது துளித்துளியாக மூச்சுக்குழாயில் இறங்கினால், ஏற்கெனவே இந்த நோயால் தடித்துவரும் நுரையீரலுக்கு அது இன்னொரு அடி.

பால் க்ளே என்ற ஓவியருக்கு 1935இல் நோய் கண்டது. 1940இல் அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, குறிப்புகளை ஆராய்ந்த மருத்துவர்கள் அது சிஸ்டமிக் ஸ்க்ளீரோசிஸாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். திட உணவை விழுங்க அவர் பட்டபாடும் அந்தக் குறிப்புகளில் இருக்கிறது. அந்த உடம்போடு 1939இல் மட்டும் 1,200க்கும் மேற்பட்ட ஓவியங்களை அவர் வரைந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பிரமிப்பாக இருக்கும். இன்று எங்கள் அலமாரியில் இருக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை அன்று அவருக்குக் கிடைத்திருக்காது. அமிலச் சுரப்பை ஏறக்குறைய அடைத்தே விடும் ஓமெப்ரசோல் விற்பனைக்கு வந்தது 1988இல்தான். பான்டோபிரசோல், ரபெப்ரசோல், எசோமெப்ரசோல் எல்லாம் அதே குடும்பம். ஐரோப்பிய வாத நோய் அமைப்பு 2017இல் வெளியிட்ட பரிந்துரையிலும் இந்த நோயாளிகளின் எதுக்களிப்புக்கும், புண்ணும் குறுக்கமும் வராமல் தடுக்கவும் சொல்லப்படுவது இந்தக் குடும்பம்தான்.

இந்த மாத்திரையை எப்போது போடுகிறார்கள் என்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். துறையூர்ப் பக்கமிருந்து ஒரு தையற்கார அக்கா வருவார். இரவு கடையைச் சாத்திவிட்டு ஒன்பதரைக்குச் சாப்பாடு. சாப்பிட்டதும் எல்லா மாத்திரைகளையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்கிவிட்டுப் படுத்துவிடுவார். “ரெண்டு வேளையும் தவறாமப் போடுறேன் பாப்பா, ஆனாலும் விடியக்காலம் தொண்டையெல்லாம் புளிச்சுப்போய் எந்திரிக்கிறேன்” என்றார்.

வயிற்றுச் சுவரில் அமிலத்தை வெளியே இறைக்கும் நுண்ணிய பம்புகள் கோடிக்கணக்கில் உள்ளன. நாம் சாப்பிடத் தொடங்கும்போதுதான் அவை முழுவீச்சில் இயங்கும். ஓமெப்ரசோல் குடும்பத்து மருந்துகள் இயங்கிக்கொண்டிருக்கும் பம்பை மட்டுமே பிடித்து நிறுத்தும், சும்மா இருப்பதைத் தொடாது. மருந்து ரத்தத்தில் தங்குவதோ ஒன்றிரண்டு மணி நேரம். ஆகவே பம்புகள் இயங்கத் தொடங்கும் நேரத்தில் மருந்து அங்கே தயாராக இருந்தாக வேண்டும். அதற்குச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு விழுங்க வேண்டும். சாப்பிட்ட பிறகோ படுக்கப் போகும்போதோ போட்டால் பாதி மருந்து வீண். முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாட்கள் ஆகும். ஒருநாள் நெஞ்சு கரித்தபோது போட்டுவிட்டு, ‘கேக்கல’ என்று நிறுத்துவதிலும் பயனில்லை.

அந்த அக்காவுக்கு மருந்தில் எதையும் மாற்றவில்லை. கவரின் மேல் ‘காலை 7, மாலை 6.30, வெறும் வயிற்றில்’ என்று எழுதிக் கொடுத்தேன். மாலை மாத்திரையைக் கடையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஏழரைக்குள் சாப்பாட்டைக் கடைக்கு வரவழைத்துக்கொள்ள அவரே ஏற்பாடு செய்துகொண்டார். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்தவும் மருத்துவர் சொல்லியிருந்தார். தலையணையை அடுக்கினால் கழுத்து மட்டும் மடங்கி, வயிறு நசுங்கி, எதுக்களிப்பு கூடும். உயர வேண்டியது இடுப்புக்கு மேலான முழு உடம்பும். இதை மருந்துக் கவுன்டரில் நின்று சொல்கிறேனே என்று சிலர் பார்ப்பார்கள். அமிலத்தை மட்டுப்படுத்தும் மாத்திரையால் மேலேறி வரும் திரவத்தைக் கீழே பிடித்துவைக்க முடியாது. அந்த வேலையைச் செங்கல்தான் செய்கிறது.

இரண்டு வேளை சரியாகப் போட்டும் அடங்காதவர்கள் நிறைய. தாய்லாந்தில் கோன் கேன் பல்கலைக்கழக மருத்துவர்கள் இந்த நோயாளிகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். ஓமெப்ரசோல் இரண்டு வேளை கொடுத்தும் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அரைகுறைக் குணமே இருந்தது. அவர்களில் ஒரு பிரிவுக்கு டோம்பெரிடோனையும், இன்னொரு பிரிவுக்கு ஆல்ஜினேட்டையும் கூடுதலாகக் கொடுத்தார்கள். இரண்டு பிரிவிலும் தொல்லை குறைந்தது, ஒன்றைவிட மற்றது மேல் என்று தெரியவில்லை. ஆல்ஜினேட் கடற்பாசியிலிருந்து எடுப்பது. வயிற்றில் இருப்பதன் மேல் நுரைப்படலமாக மிதந்து எதுக்களிப்பைத் தடுக்கும். இதை மட்டும் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்க வேண்டும். ஜப்பானில் 2014இல் அனுமதி பெற்ற வோனோபிரசான் இப்போது இங்கும் கிடைக்கிறது. பம்பை வேறு விதமாகப் பிடிப்பதால் உணவு நேரத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை.

அமிலம் சரி, அசைவுக்கு? குழாயை மறுபடி இயக்கும் மருந்து இல்லையா என்று கேட்காதவர் இல்லை. உந்து மருந்துகள் என்று ஒரு வகை உண்டு. நரம்பு முனைகளைத் தூண்டி, மிச்சமிருக்கும் தசையை வேலை வாங்குபவை. மிச்சம் இருந்தால்தான் வேலை வாங்க முடியும், நார் படிந்துபோன இடத்தில் எந்தத் தூண்டுதலும் பலிக்காது. அதனால்தான் தொடக்கத்திலேயே விழுங்கும் சிரமத்தைச் சொல்லிவிடுங்கள் என்று மன்றாடுகிறோம். வாய் சிறுத்துவிட்டது, மெல்ல முடியவில்லை, அதனால் மெதுவாகச் சாப்பிடுகிறேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒன்றிரண்டு வருடத்தைக் கடத்திவிடுகிறார்கள்.

இந்த வகை மருந்துகளின் வரலாறு சோகமானது. சிசாபிரைடு ஸ்க்ளீரோடெர்மா உணவுக்குழாய்க்கு ஓரளவு உதவியது. ஆனால் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி உயிர்களைப் பறித்ததால் அமெரிக்காவில் 2000இல் சந்தையை விட்டுப் போனது, இந்தியாவில் 2011இல் தடை செய்யப்பட்டது. மெட்டோகுளோபிரமைடு மூளைக்குள் நுழைந்து, நீண்ட நாள் எடுத்தால் வாயும் நாக்கும் தானாகக் கோணி அசையும் நிலையைக் கொண்டுவரக்கூடும். மருந்தை நிறுத்தினாலும் அது போகாமல் இருந்துவிடலாம். 2009இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்குக் கடும் எச்சரிக்கை வாசகம் போட்டது. நம் ஊரில் அமில மாத்திரையோடு ஒரே கேப்ஸ்யூலில் சேர்த்துத் தாராளமாக எழுதப்படும் லெவோசல்பிரைடும் வயதானவர்களுக்குக் கை நடுக்கத்தையும் நடைத் தளர்ச்சியையும் கொடுக்கலாம். புதிதாக நடுக்கம் வந்தால் நரம்பு மருத்துவரிடம் ஓடுவதற்கு முன் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

டோம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் போகாது, அதனால் இங்கே அதிகம் கொடுக்கப்படுவது அதுதான். அதற்கும் இதயத்தின் மேல் ஒரு கண் வைக்க வேண்டும். இந்த நோய் இதயத் தசையையும் தொடக்கூடியது. எனவே தொடங்கும் முன் ஈ.சி.ஜி. எடுப்பது நல்ல வழக்கம். ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மாதவிடாய் தள்ளிப்போவது, மார்பில் பால் கசிவது போன்றவை இதனால் வரலாம். பெண்கள் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், சொன்னால் மருந்தை மாற்ற முடியும்.

இதில் நான் மிகவும் பயப்படும் இடம் ஒன்று உண்டு. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து, அமிலத் தடுப்பு, அசையாத குழாய் மூன்றும் சேர்ந்தால் உணவுக்குழாயில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படரும். விழுங்கினால் வலிக்கும். எண்டோஸ்கோப்பியில் அதைப் பார்த்ததும் ஃப்ளுகோனசோல் எழுதுவார்கள், சரியான மருந்து. ஆனால் ஃப்ளுகோனசோலும் டோம்பெரிடோனும் ஒன்றாகச் சேரக் கூடாது. முன்னது பின்னதை உடம்பில் தேங்க வைக்கும், இரண்டுமே இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைத் தொடும். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசினோடும் இதே சிக்கல். பூஞ்சைச் சீட்டு ஒரு மருத்துவரிடமிருந்து வரும், டோம்பெரிடோன் சீட்டு இன்னொருவரிடமிருந்து. பான்டோபிரசோலோடு ஒரே கேப்ஸ்யூலில் கலந்திருப்பதால் டோம்பெரிடோன் சாப்பிடுவதே நோயாளிக்குத் தெரியாது. அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் இரண்டாவது பெயரை நான் விரல் வைத்துக் காட்டுவது இதற்காகத்தான்.

பஸ்பிரோன் எழுதப்பட்டவர்களிடம் வேறு விதமாகப் பேச வேண்டியிருக்கிறது. பதற்றத்துக்கான பழைய மாத்திரை அது. 2016இல் கிரேக்க மருத்துவர்கள், இந்த நோயாளிகளுக்கு நான்கு வாரம் தினமும் 20 மில்லிகிராம் கொடுத்தபோது அடி வளையத்தின் இறுக்கம் கூடி, நெஞ்சு கரிப்பும் எதுக்களிப்பும் குறைந்ததாக எழுதினார்கள். சிறிய ஆய்வு, போலி மருந்தோடு ஒப்பிடாதது. ஆனாலும் நம்பிக்கை தரக்கூடியது. ஒரு கல்லூரிப் பெண் இந்த மாத்திரையைப் பற்றிக் கைபேசியில் தேடிவிட்டு வந்து, “எனக்கு மனசுலதான் பிரச்சினைன்னு டாக்டர் நெனக்கிறாரா மேடம்?” என்று கண் கலங்கக் கேட்டாள். விழுங்க முடியவில்லை என்று சொல்லி, நடிக்கிறாய் என்று வீட்டில் பேச்சு வாங்கிய பெண் அவள். அந்த மருந்து பிடிக்கும் அதே வகை ஏற்பிகள் உணவுப்பாதையின் நரம்புகளிலும் இருக்கின்றன, உன் குழாய்க்காகத்தான் எழுதியிருக்கிறார் என்று சொன்னதும் அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். மருத்துவர்களிடம் என் வேண்டுகோள் இது: பஸ்பிரோன் எழுதும்போது அந்த ஒரு வரியைச் சொல்லி அனுப்புங்கள். மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் சேர்ந்திருப்பவர்களுக்குப் புருகாலோபிரைடு கொடுத்துப் பார்க்கிறார்கள். இத்தாலியில் 40 பேரிடம் நடந்த ஆய்வில் அது எதுக்களிப்பையும் ஓரளவு குறைத்தது.

இனி சீட்டின் மற்ற வரிகள். விரல்கள் வெளுத்துப் புண்ணாகாமல் இருக்க நிஃபெடிபின் கொடுப்பார்கள். ரத்தக் குழாயின் மென்தசையைத் தளர்த்துவது அதன் வேலை. உணவுக்குழாயின் அடி வளையமும் மென்தசைதானே, அதையும் சேர்த்துத் தளர்த்திவிடும். சில்டெனாஃபில், டடாலஃபிலும் அப்படியே. விரலைக் காப்பாற்றும் மருந்து எதுக்களிப்பைக் கூட்டுகிறது. இதைக் கேட்டுவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், விரல் நுனி கருகிப் போகும் அபாயம் பெரியது. அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா, அமிலத் தடுப்பைக் கூட்டுவதா என்று தராசு பிடிப்பது மருத்துவர் பாடு. நிஃபெடிபின் தொடங்கிய பிறகு நெஞ்சு கரிப்பு கூடியது என்ற தகவலை நீங்கள் கொடுத்தால்தான் அவர் அதைச் செய்ய முடியும்.

எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒன்று என்று கொடுக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரை, அசையாத குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். இவர்களுக்கு அதைத் தவிர்த்து, வருடத்துக்கு ஒருமுறை ஊசியாகப் போடும் சோலெட்ரோனிக் அமிலம் போன்றவற்றுக்குப் போவது நல்லது. டாக்சிசைக்ளின், இரும்புச்சத்து மாத்திரை, வலி மாத்திரைகள் எல்லாமே ஒட்டினால் சுடும். எந்த மாத்திரையையும் உட்கார்ந்து, முதலில் ஒரு வாய் தண்ணீரால் தொண்டையை நனைத்துவிட்டு, ஒவ்வொன்றாக, ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அதன் பிறகு அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது.

நுரையீரலுக்கு எழுதும் மைகோபினோலேட் மோஃபெட்டிலுக்குக் கரைய அமிலம் வேண்டும். அமிலத் தடுப்பு மாத்திரையோடு சேரும்போது உடம்பு எடுத்துக்கொள்ளும் அளவு குறைகிறது. குடலில் போய்க் கரையும் மைகோபினோலேட் சோடியத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. கால்சியத்திலும் இதே கதை, கார்பனேட்டைவிட சிட்ரேட் இவர்களுக்கு ஏற்றது.

‘கேஸ் மாத்திரையை வருடக்கணக்கில் போட்டால் கிட்னி போய்விடும், எலும்பு போய்விடும்’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டுபவர்களும் உண்டு. நீண்டகாலம் எடுக்கும்போது பி12, மெக்னீசியம் குறையலாம், எலும்பைக் கவனிக்க வேண்டும், சிறுகுடலில் கிருமிகள் பெருகி வயிறு உப்பலாம். இவையெல்லாம் உண்மை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ள வேண்டியவை. வெறும் அஜீரணத்துக்கு வருடக்கணக்கில் போடுபவர் நிறுத்த வேண்டியதுதான். ஸ்க்ளீரோடெர்மாக்காரருக்குக் கணக்கு வேறு. திடீரென நிறுத்தினால் அடக்கி வைத்திருந்த அமிலம் முன்னைவிட வேகமாகச் சுரக்கும், அதைக் கழுவி இறக்க இவர்களுடைய குழாயில் அலை இல்லை.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது சீட்டை மட்டும் கொண்டுவராதீர்கள். பல் மருத்துவர் கொடுத்தது, பக்கத்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி, பாதியில் விட்ட அட்டைகள் என்று வீட்டில் இருப்பது அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். மருத்துவருக்கு நேரம் இல்லாவிட்டால் மருந்துக் கவுன்டரில் கொட்டுங்கள். பிரித்து, நேரம் எழுதி, சேரக் கூடாததைச் சொல்லி அனுப்புவதற்குத்தான் நாங்கள் படித்திருக்கிறோம். கூட்டமாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். மதியம் இரண்டு மணிக்கு மேல் வந்தால் எங்கள் கவுன்டரில் வரிசை குறைவாக இருக்கும்.